அசையாத இரண்டு ஆம்பியர்

மனிதகுலம் நிலையான ஒன்றைத் தேடி அலைந்த நெடுங்காலம், எங்கள் தொழிற்சாலையின் இரண்டாம் மாடிக் கூட்ட அறையில் முடிவுக்கு வந்தது. நிலையான அந்தப் பொருள், இரண்டு ஆம்பியர்.

நாங்கள் நோயாளிகளைப் படுக்கவைத்து ஏற்றிச் செல்லும் பேட்டரி வண்டி செய்கிறோம். நாற்பத்தெட்டு வோல்ட். மோட்டார் எவ்வளவு மின்னோட்டம் இழுக்கிறது என்பதை வண்டியிலுள்ள மீட்டர் காட்டும். அளவு மீறினால் மோட்டாரை நிறுத்தும். எங்கள் மீட்டரில் அளவு மீறியதே இல்லை. மேட்டில் ஏறினாலும் இரண்டு. பள்ளத்தில் இறங்கினாலும் இரண்டு. வண்டி சும்மா நின்றாலும் இரண்டு. மற்ற நிறுவனங்களின் மீட்டர்கள் ஏறி இறங்கித் தவித்துக்கொண்டிருக்க, பொது மேலாளர் இதற்கு 'நிலைத்தன்மை' என்று பெயரிட்டு விளம்பரமும் கொடுத்தார்.

மறுநாள் பெரிய ஆஸ்பத்திரிக்கு முதல் வண்டிகள் போக வேண்டும். சோதனைப் பொறியாளர் கூட்டத்தில் எழுந்தார்.

"சார், இந்த மீட்டர் எதையும் பார்க்கல. கண்ணை மூடிட்டிருக்கு."

"நல்லதுதானேம்மா. பதற்றமில்லாம இருக்கு," என்றார் மேலாளர்.

பொறியாளர் விளக்கினார். மின்கம்பியில் ஒரு சின்ன மின்தடை. அதன் இரு முனைகளுக்கும் இடையிலுள்ள மயிரிழை வோல்ட் வித்தியாசத்தைப் பெருக்கிக் காட்ட ஒரு சில்லு, அதாவது சிப். அவ்வளவுதான் மீட்டர்.

"வித்தியாசம் சின்னதுதான் சார். ஆனா ரெண்டு முனையுமே நாப்பத்தெட்டு வோல்ட் உசரத்துல நிக்குது. சில்லுக்கு நாம குடுக்கிறது அஞ்சு வோல்ட். பக்கத்துல நிக்கிற ரெண்டு பேர்ல யார் உசரம்னு கேட்டா இது சரியா சொல்லிடும். ரெண்டு பேரையும் மொட்டை மாடில நிறுத்திட்டுக் கேட்டா, பாவம், அது என்ன பண்ணும்? ரெண்டு முனைக்கும் பொதுவா இருக்கிற வோல்ட்டுக்கு ஒரு எல்லை இருக்கு சார்."

"பொதுவுக்கு எல்லையா? நான் பொது மேலாளர்மா."

எல்லோரும் சிரித்தார்கள். கூட்டக் குறிப்பு எழுதுவது நான். 'ஒருமனதாக ஏற்கப்பட்டது' என்று எழுதினேன்.

"இதே மேசையில வச்சுப் பார்த்தப்ப ஒழுங்காத்தானே காட்டுச்சு?" என்றார் கொள்முதல் அதிகாரி.

காட்டியது. எங்களிடம் எந்தக் கருவியும் மேலாளரின் கண்முன்னே, கூட்ட மேசையில்தான் தேற வேண்டும். ஒருமுறை அவர் விரலில் ஷாக் அடித்தது. அன்று முதல் டார்ச் பேட்டரியைவிடப் பெரியது எதுவும் அந்த மேசைக்கு வரக் கூடாது என்பது பாதுகாப்பு விதி. ஆகவே நாற்பத்தெட்டு வோல்ட் வண்டியின் மீட்டர், இரண்டு டார்ச் பேட்டரியில் முதல் வகுப்பில் தேறியது.

"மின்தடையை ப்ளஸ் கம்பியிலேர்ந்து மைனஸ் கம்பிக்கு மாத்திடலாம் சார்," என்றார் பொறியாளர். " ரெண்டு முனையும் கீழ வந்துடும். இல்லன்னா அந்த உசரம் தாங்குற வேற சில்லு போடலாம்."

"மாத்தினா மீட்டர் ஏறி இறங்குமா?"

"இறங்கும் சார். அதுக்குத்தானே மீட்டர்."

"அப்ப விளம்பரத்தை நீங்க போய்க் கிழிக்கிறீங்களா?"

ஐயத்தைப் போக்க மேலாளரே கீழே போய் வண்டியில் ஏறிப் படுத்தார். தலைமை என்றால் அது. சாய்தளத்தின் உச்சியில் முன்சக்கரம் கதவு நிலையில் சிக்கியது. மோட்டார் உறுமியது.

"புகை வருது சார், எறங்குங்க!" என்றார் வண்டி ஓட்டுபவர்.

"மீட்டர் என்ன சொல்லுது?"

"ரெண்டு சார்."

"அப்புறம் எப்படிய்யா புகை வரும்? தூசியா இருக்கும்."

பொறியாளர் ஓடி வந்து பேட்டரி இணைப்பைப் பிடுங்கினார். மேலாளர் ஒரு செருப்போடு கீழே குதித்தார். மெத்தையின் கால்மாட்டில் கையளவு கருகியிருந்தது.

அங்கேயே, சாய்தளத்திலேயே, விசாரணைக் குழு அமைந்தது. முடிவும் வந்தது. மோட்டார் பதறியது. கம்பி பதறியது. ஓட்டுபவர் பதறினார். கடைசிவரை பதறாதது மீட்டர் ஒன்றே. எனவே பழுது மீட்டரில் இல்லை.

"நான் சான்றிதழ்ல கையெழுத்துப் போட மாட்டேன் சார்," என்றார் பொறியாளர். "நீங்க குதிச்சுட்டீங்க. மயக்க மருந்துல படுத்திருக்கிறவங்க குதிக்க மாட்டாங்க."

மேலாளர் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. கிடங்குக்கு மட்டும் மாற்றினார். பிறகு கூட்ட அறைக்குத் திரும்பி, பெரிய மனதோடு சோதனைச் சான்றிதழில் தானே கையெழுத்திட்டார்.

அப்போது அவர் மனைவி அழைத்தார். ஒளிவுமறைவில்லாத நிர்வாகம் என்பதால், மேலாளர் போனை எப்போதும் ஸ்பீக்கரில்தான் போடுவார்.

"என்னங்க, நாளைக்கு அம்மாவை ஆபரேஷன் ரூமுக்கு உங்க புது வண்டியிலதான் கூட்டிட்டுப் போவாங்களாம். மாப்பிள்ளை வண்டி, மாப்பிள்ளை வண்டின்னு அம்மா வார்டு பூரா சொல்லி வச்சிருக்காங்க."

மேலாளர் ஸ்பீக்கரை அணைத்தார். ஜன்னல் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். அறை சின்னது.

"அத்தையை அதுல ஏத்தாதே. கையால தள்ளுற பழைய ஸ்ட்ரெச்சர் கேளு... ஏன், எதுக்குன்னெல்லாம் கேக்காதே, சொன்னதைச் செய்... மத்தவங்க ஏறினா ஏறிட்டுப் போறாங்க, உனக்கென்ன?"

அவருக்கு அந்தச் சர்க்யூட் புரியவில்லை என்றே அதுவரை நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். எவ்வளவு பெரிய அநியாயம் அவருக்குச் செய்துவிட்டோம்!