நீல மூடி டப்பாவும் நாலு துண்டு கேக்கும்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

அத்தான் எழுதுவது. நீங்களும் தங்கச்சியும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். இல்லாவிட்டால் இதற்குள் சொல்லியிருப்பீர்கள். எனக்கு முட்டி வலியைத் தவிரக் குறையில்லை. உங்கள் அக்கா வழக்கத்தைவிட நன்றாக இருக்கிறாள். பாத்திரம் கழுவும்போது தனக்குத்தானே சிரித்துக்கொள்கிறாள். நான் பேனாவை எடுத்ததே அதனால்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் உங்கள் வேனை எடுத்துக்கொண்டு இங்கே வர வேண்டும். எங்கள் சமையலறையில் ஒரு ஓவன் நிற்கிறது. அதை ஏற்றிக்கொண்டு நீங்கள் எங்கே போனாலும் சரி, நான் கேட்க மாட்டேன். அது இங்கே இருந்தால் திங்கட்கிழமை மாலை நாலு மணிக்கு, ஷிப்டு விடும் நேரத்தில், உங்கள் அக்கா என் பழைய கம்பெனி கேட்டுக்கு எதிரே மேஜை போட்டு கேக் விற்றுக்கொண்டு நிற்பாள். என் கேட்டுக்கு எதிரே. என் மானம் உங்கள் வேனில்தான் இருக்கிறது.

நான் யார் என்று உங்களுக்குத் தெரியும், இருந்தாலும் எழுதுகிறேன், ஏனென்றால் இந்த வீட்டில் இப்போது யாருக்கும் அது ஞாபகம் இல்லை. முப்பத்தோரு வருஷம் அந்தக் கேக் கம்பெனியின் இரண்டாம் நம்பர் கேட்டில் நின்றவன். உள்ளே எண்ணூறு பேர் கேக் செய்தார்கள், ஒருத்தர் மடியிலும் ஒரு துணுக்கு வெளியே போனதில்லை. பை, டப்பா, தண்ணீர் பாட்டில், செருப்பு, எல்லாம் திறந்து பார்த்த பிறகுதான் ஆள் வெளியே. நான்கூட அந்தக் கேக்கை ருசி பார்த்ததில்லை. மேனேஜ்மென்ட் இதையெல்லாம் கவனித்து, மேடையில் ஏற்றி, எனக்கு ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தது. கீழே பித்தளைத் தகட்டில் 'விழிப்புடன் பணியாற்றியமைக்கு' என்று எழுதியிருக்கும். சமையலறையில் மாட்டியிருக்கிறோமே, அதுதான். சம்பளம் ஏறவில்லை, ஆனால் கடிகாரம் இன்றுவரை ஓடுகிறது.

மூன்று வாரத்துக்கு முன் ஒரு பொம்பளை தள்ளுவண்டியில் ஓவனை வைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். தையல் கடையில் பழக்கமாம். உங்கள் அக்கா கதவைத் திறந்து, நான் பார்ப்பதற்குள் ஓவனை உள்ளே விட்டுவிட்டாள். கேட் பாஸ் இல்லை, ரசீது இல்லை, ஒரு கையெழுத்து இல்லை. யார் இது என்று கேட்டேன். "கேக் சொல்லிக்கொடுக்க வந்திருக்காங்க" என்றாள் உங்கள் அக்கா. அறுபது வயதில் எதற்குக் கேக் என்றேன். "முப்பத்தோரு வருஷம் கேக் கம்பெனியில இருந்துட்டு வந்தீங்க. அது இனிக்குமா கசக்குமான்னு இந்த வீட்ல யாருக்குமே தெரியாது" என்றாள். வந்தவள் என்னை ஒரு தடவை ஏறிட்டுப் பார்த்துவிட்டு பிளக் எங்கே என்று கேட்டாள். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. நான் அடுத்தவரைப் பார்க்கிற பார்வை அது.

முதல் நாள் முட்டையும் சர்க்கரையும் போட்டு அடி அடி என்று அடித்து, நுரை வெளுத்துப் பொங்கியதும் மாவைத் தூவிக் கலந்து தட்டில் ஊற்றி ஓவனில் வைத்தார்கள். வைத்துவிட்டு அவள் கடிகாரத்தைப் பார்த்து, "இருபத்தஞ்சு நிமிஷம் கதவைத் திறக்கவே கூடாது" என்றாள். மாப்பிள்ளை, திறக்கக் கூடாத கதவு என்று ஒன்று என் வாழ்க்கையில் இருந்ததில்லை. திறந்து காட்ட மறுத்தவர்கள் எல்லோரும் உள்ளே எதையோ வைத்திருந்தவர்கள்தான். அவர்கள் துணி எடுக்க மாடிக்குப் போன நேரத்தில், பன்னிரண்டாவது நிமிஷம், நான் திறந்தேன். உள்ளே கேக்தான் இருந்தது. நன்றாக உயர்ந்து நின்றது, என்னைப் பார்த்ததும் நடுவில் பொசுக்கென்று உட்கார்ந்துவிட்டது.

"திறந்தீங்களா?" என்றாள் உங்கள் அக்கா.

"லேசாத்தான்."

"விடுங்க அக்கா" என்றாள் அந்த டீச்சர். "சில பேருக்குக் கை சும்மா இருக்காது."

மறுபடி செய்தார்கள். இந்தத் தடவை என்னைக் கூடத்தில் உட்கார வைத்து, வாசலில் நாற்காலியைக் குறுக்கே போட்டுவிட்டார்கள். கேக் வந்தது. சரி, வெட்டிக் கொடுப்பார்கள் என்று தட்டோடு நின்றேன். கொடுக்கவில்லை. வெள்ளைத் துணியில் சுற்றி அலமாரி உச்சியில் வைத்துவிட்டார்கள். யாருக்கு ஒளிக்கிறே என்று கேட்டதற்கு உங்கள் அக்கா சொல்கிறாள்: "ஒளிக்கல. ஒரு நாள் ஆறணும். புதுசா முக்கினா சாக்லேட்லயே உதிர்ந்துடும். கொஞ்சம் பழசானாத்தான் தாங்கும்." செய்த சாப்பாட்டைப் பழசாக்கித் தின்பதற்கு ஒருத்தி பாடம் நடத்துகிறாளாம், இன்னொருத்தி தலையாட்டுகிறாளாம். யாரோ வாங்கிப் போக வருகிறார்கள், அதுவரை பதுக்கி வைக்கிறார்கள் என்றுதான் நான் நினைத்தேன். நீங்களாக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பீர்கள். பிற்பகலில் இரண்டு பேரும் கடைக்குப் போனதும் ஸ்டூலில் ஏறி, ஆய்வுக்காக ஒரு மூலையை வெட்டி எடுத்து, அவர்கள் பதம் பார்க்கக் கலக்கிய கிண்ணத்தில் ஒட்டியிருந்த கோகோ, பால், வெண்ணெய் குழம்பில் முக்கினேன். துண்டு காணாமல் போய்விட்டது. கரண்டியால் துழாவினால் சேறுதான் வந்தது. தடயம் இருக்கக் கூடாது என்று கிண்ணத்தைத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். கல்யாணம் ஆனதிலிருந்து நான் ஒரு பாத்திரம்கூடக் கழுவியதில்லை என்பது அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை. உங்கள் அக்கா உள்ளே வந்து, சுத்தமான கிண்ணத்தைப் பார்த்து, பிறகு ஸ்டூலைப் பார்த்து, பிறகு என்னைப் பார்த்தாள்.

மறுநாள் ஓரத்தைச் சீவி, சதுரம் சதுரமாக வெட்டி, முள் கரண்டியில் குத்தி சாக்லேட்டில் முக்கி, தேங்காய்ப் பூவில் புரட்டி, கம்பித் தட்டில் அடுக்கினார்கள். உதிரவில்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். டீச்சர் எண்ணினாள். "இருபத்துநாலு வரணும். ஒண்ணு குறையுது சார்" என்றாள், என்னைப் பார்க்காமலே. நான் பேப்பர் படிப்பதாகக் காட்டிக்கொண்டேன். நேற்று அவள் முதல் தடவையாக இங்கேயே மதியச் சாப்பாட்டுக்குப் பையிலிருந்து டப்பாவை எடுத்தாள். மாப்பிள்ளை, நான் பேப்பரைக் கீழே வைத்துவிட்டேன். இரண்டு அடுக்கு, நீல மூடி, வலது பக்கம் கட்டைவிரல் அளவு நெளிசல்.

எனக்கு முகம் ஞாபகம் இருக்காது. முகத்தைப் பார்த்தால் இரக்கம் வரும், இரக்கம் வந்தால் உன் வேலை போகும் என்று எனக்கு முன்னால் அந்த கேட்டில் நின்றவர் சொல்லிக்கொடுத்திருந்தார். அதனால் டப்பாவைத்தான் பார்ப்பேன். எண்ணூறு டப்பாவும் எனக்குத் தெரியும். ஒன்பது வருஷத்துக்கு முன் அந்த நீல மூடியின் அடி அடுக்கில் நாலு துண்டு கேக் இருந்தது. இதே சாக்லேட், இதே தேங்காய். ரிப்போர்ட்டில் 'நாலு துண்டு' என்று நான்தான் எழுதினேன். அன்றே ஆளை நிறுத்திவிட்டார்கள். அடுத்த மாதம் எனக்குக் கடிகாரம் வந்தது. மூன்று வாரமாக அவள் நிமிஷம் பார்ப்பது அந்தக் கடிகாரத்தில்தான்.

இப்போது சொல்லுங்கள், நான் சந்தேகப்படுவது தப்பா? பழிவாங்கத்தான் வந்திருக்கிறாள். கேக்கில் எதையோ கலக்கப் போகிறாள். நேராகவே கேட்டுவிட்டேன்.

"நீ நீல மூடிதானே?"

"எனக்குப் பேர் இருக்கு சார். பதினோரு வருஷத்துல நீங்க கேட்டதில்ல."

"எதுக்கு இந்த வீட்டுக்கு வந்தே?"

"எங்க ஹவுஸ் ஓனர் ஓவன் வச்சா காலி பண்ணச் சொல்லிட்டார். அக்கா வீட்ல பிளக் இருக்கு."

"அந்தக் கடிகாரம்..."

"தெரியும் சார். கீழேயே எழுதியிருக்கே. நல்ல கடிகாரம், ஒரு நிமிஷம் தப்பல."

அந்த நாலு துண்டைப் பற்றி நான் கேட்கவில்லை. அவளே சொன்னாள்: "அது மூலை உடைஞ்சு கழிச்சது சார். குப்பை டிரம்முல கொட்டப் போனது. பதினோரு வருஷம் நின்னுக்கிட்டே செஞ்ச கேக்கு. ஒரு தடவை வீட்ல உட்கார்ந்து தின்னு பாக்கணும்னு எடுத்தேன்." இதை அவள் அழுதுகொண்டு சொல்லியிருந்தால் நடிப்பு என்று விட்டிருப்பேன். சோற்றைப் பிசைந்துகொண்டு சொன்னாள்.

உங்கள் அக்காவுக்கு இது முதல் நாளே தெரியுமாம். "உள்ள செய்யுறவங்க ஒருத்தருக்கும் அதை வாங்கித் தின்ன வக்கில்ல. வெளியே வந்ததும் நாங்க கம்மி விலைக்குத் தர்றோம். உங்க கேட்டைத் தாண்டினதுக்கு அப்புறம்தானே, உங்களுக்கு என்ன?" என்கிறாள். என்னவா? அந்த கேட்டில் இப்போது நிற்பவன் நான் பழக்கிய பையன். என் பெண்டாட்டியைப் பார்த்து அவன் சிரிப்பானா, சல்யூட் அடிப்பானா? இரண்டுமே எனக்குத் தாங்காது. ஆகவே ஞாயிறு, வேன், ஓவன். மறக்க வேண்டாம். ஓவன் சூடாக இருந்தால் சாக்கு கொண்டுவாருங்கள்.

தங்கச்சிக்கு என் விசாரிப்பு. பிள்ளைகள் நீண்ட ஆயுளோடும், யார் கண்டாலும் நிமிர்ந்து நிற்கிற நேர்மையோடும் வளர என் ஆசி.

இப்படிக்கு,
உங்கள் அத்தான்,
இரண்டாம் நம்பர் கேட் (ஓய்வு)

பின்குறிப்பு: கடிதத்தைக் கவரில் போட்ட பிறகு இதை எழுதுகிறேன். ஞாயிறு வர வேண்டாம். திங்கட்கிழமை மூன்று மணிக்கு வாருங்கள், வேனைக் கழுவிவிட்டு வாருங்கள். நடந்தது இதுதான். கலப்படம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டியது என் கடமை என்பதால், அவர்கள் கூடத்தில் பேசிக்கொண்டிருந்தபோது இரண்டு துண்டு எடுத்துப் பேப்பரில் மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தேன். சமையலறை வாசலில் அந்த டீச்சரம்மா நின்றாள். என் மீசையில் தேங்காய்ப் பூ இருந்திருக்கிறது. "கையைத் தூக்குங்க சார்" என்றாள். தூக்கிவிட்டேன். அது தானாகத் தூக்கிக்கொள்கிறது மாப்பிள்ளை, உங்களுக்கும் யாராவது சொன்னால்தான் தெரியும். பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தாள். ரிப்போர்ட் எழுதவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "உட்கார்ந்து தின்னுங்க" என்றாள். இனிக்கிறது. கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்தேன், அது சுவரிலேயே இருக்கட்டும், நிமிஷம் பார்க்க வேண்டும் என்றுவிட்டாள். அவள் பெயரைக் கேட்டேன். "திங்கட்கிழமை வந்து மேஜையைத் தூக்குங்க, சொல்றேன்" என்றாள். எனக்கு முட்டி வலி. நீங்கள் ஒரு பக்கம் பிடிக்க வேண்டும்.

தம்பி, நான் அக்கா. இந்த வீட்டை விட்டு வெளியே போகிற எதையும் திறந்து பார்க்க வேண்டும் என்பது உன் அத்தான் போட்ட சட்டம். அதனால் கவரைத் திறந்து பார்த்தேன். எல்லாம் சரியாகவே எழுதியிருக்கிறார். எடுத்த துண்டு மட்டும் ரெண்டு இல்லை. நாலு.