பெருங்காயம் மணத்த புழு

அது உலகச் சண்டை நடந்த காலம். நல்லம்பள்ளிக்குப் பக்கத்தில் இருக்கும் புங்கமரத்துக்கொட்டாய்க்கு மண்ணெண்ணெய் வரவில்லை, அரிசி வரவில்லை, வரவேண்டிய மழையும் வரவில்லை. நாகப்பா சாமி மட்டும் ஓசூர்ப் பக்கத்திலிருந்து ஒழுங்காக வந்து சேர்ந்தார். வந்தவர் போகவும் இல்லை.

சாமி இடம் பிடித்தது ஊர்ப் படிக்கிணற்றின் ஓரத்தில். அவர் வரும்வரை அது வெறும் கிணறு. பெண்கள் படியில் இறங்கி முழங்கால் தண்ணீரில் நின்று குடம் மொண்டார்கள், ஆண்கள் கால் கழுவினார்கள், அவ்வளவுதான். சாமி வந்த மறுவாரமே அது நாகதீர்த்தம் ஆகிவிட்டது. தண்ணீர் அதே தண்ணீர், பாசியும் அதே பாசி, பெயர்தான் புதிது. ஆனால் பெயருக்காகத்தானே ஜனங்கள் வண்டி கட்டிக்கொண்டு வருகிறார்கள்? பாப்பாரப்பட்டியிலிருந்து வந்தார்கள், அதியமான்கோட்டையிலிருந்து வந்தார்கள், வத்தல்மலையிலிருந்துகூடக் கட்டிலில் ஆளைக் கிடத்தித் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தார்கள்.

எல்லாருக்கும் ஒரே நோவு, நரம்புச் சிலந்தி. கோடை தொடங்கினால் காலில் ஒரு கொப்புளம் கிளம்பும். நெருப்பை அள்ளி வைத்த மாதிரி எரியும். அது உடைந்தால் உள்ளேயிருந்து வெள்ளை நூல் போல ஒரு புழு தலையை நீட்டும். அவசரப்பட்டு இழுத்தால் அறுந்துபோய்க் கால் வீங்கிச் சீழ் வைக்கும். குச்சியில் சுற்றிச் சுற்றி நாளுக்குக் கொஞ்சமாக வெளியே எடுக்க வேண்டும். வாரக்கணக்கில் ஆகும். ஏர் பூட்ட வேண்டிய ஆள் வாரக்கணக்கில் குச்சியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் குடும்பம் என்ன ஆகும்?

சாமிக்கு வாரமெல்லாம் தேவையில்லை, ஒரே உறிஞ்சுதான். செவ்வாய்க்கிழமை காலையில் நோயாளிகள் படியில் உட்கார்ந்து புண்காலைத் தீர்த்தத்தில் நனைக்க வேண்டும். எரிச்சல் உடனே தணியும். புண்ணைத் தண்ணீரில் வைத்தால் தணியாமல் என்ன செய்யும்? அதையும் சாமியின் கணக்கிலேயே எழுதினார்கள். பிறகு அதே தண்ணீரை, அதே இடத்தில், மூன்று கை அள்ளிக் குடிக்க வேண்டும். கூட வந்தவர்களும் குடித்தால் நாகம் அவர்களை அண்டாதாம், அவர்களும் குடித்தார்கள். அப்புறம் சாமி புண்ணின்மேல் ஒரு மூங்கில் குழலை வைத்து உறிஞ்சுவார். கன்னம் உப்பும், கண் சொருகும். பூவரச இலையில் துப்புவார். இலையில் சாண் நீளத்துக்கு வெள்ளைப் புழு கிடக்கும். அதைத் தூக்கி எல்லாருக்கும் காட்டிவிட்டு, யாரும் கிட்டே வந்து பார்ப்பதற்குள் பக்கத்தில் எரிகிற ஓமத்தீயில் போட்டுவிடுவார். புண்ணில் இன்னமும் புழு தொங்கிக்கொண்டிருந்தால் அதற்கும் பதில் இருந்தது. வெளியே தெரிவது குட்டி, தான் எடுத்தது தாய். தாய் போனபிறகு குட்டி எத்தனை நாள் இருக்கும்?

இந்தச் சாமியை ஊரிலேயே தங்க வைத்த பெருமை தர்மனுடையது. கிணற்றை ஒட்டிய நிலம் அவனுடையது, சாமியின் குடிசை அவன் போட்டுக் கொடுத்தது, சாப்பாடும் அவன் வீட்டுது. அதாவது சமைத்தவள் அவன் மனைவி தீர்த்தம்மாள். பெயரில் தீர்த்தம் இருந்தாலும் அவளுக்குத் தீர்த்தத்தின்மேல் நம்பிக்கை கிடையாது. அவள் பிறந்த ஊரில் ராட்டினம் போட்ட சேந்துகிணறு. கயிற்றில் வாளியைக் கட்டி இறைப்பார்களே தவிர யாரும் தண்ணீரில் கால் வைப்பதில்லை. அங்கே அவளுக்குத் தெரிந்து ஒருவருக்கும் சிலந்தி வந்ததில்லை. இங்கே மட்டும் ஏன் வருகிறது என்று கல்யாணமாகி வந்த வருஷமே கேட்டாள். இங்கே நாகம் அதிகம் என்று மாமியார் சொன்னாள். பாம்பு அங்கேயும்தான் இருந்தது என்று தீர்த்தம்மாள் சொன்னாள். அன்றைக்கு ஆரம்பித்த சண்டை மாமியார் போனபிறகும் ஓயவில்லை, தர்மன் தொடர்ந்து நடத்திக்கொண்டிருந்தான்.

அவள் மட்டும் பிறந்த வீட்டுப் பழக்கத்தை விடாமல் குடத்து வாயில் துணியை இரண்டாக மடித்துக் கட்டி வடித்துத்தான் தண்ணீர் பிடிப்பாள். ஊர்ப் பெண்கள் சிரித்தார்கள். ஆனால் அவள் வடித்து என்ன பயன்? போன கோடையிலிருந்தே செவ்வாய்தோறும் தர்மன் மகள் கண்ணம்மாளைக் கூட்டிப்போய்த் தீர்த்தம் குடிக்க வைத்தான். இந்தக் கோடையில் அந்தப் பெண்ணுக்கு வந்துவிட்டது. காலில் வந்திருந்தாலாவது பரவாயில்லை, முழங்காலில் வந்தது. சாமி இரண்டு செவ்வாய் உறிஞ்சி இரண்டு தாயை எடுத்துக் காட்டினார். முழங்கால் பனங்காய் போல வீங்கியது. பிள்ளை காலை மடக்க முடியாமல் படுக்கையில் அனத்திக்கொண்டே கிடந்தாள்.

வண்டியைக் கட்டுங்கள், தர்மபுரி ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று தீர்த்தம்மாள் கெஞ்சினாள். தர்மன் சாமியிடம் உத்தரவு கேட்டான். சாமி பாதி கன்னடத்திலும் பாதி தமிழிலும் பேசுவார். கன்னடத்தில் சொன்ன பாதிதான் ஜனங்களுக்குத் தெய்வவாக்கு, ஏனென்றால் அதுதான் அவர்களுக்குச் சரியாகப் புரியாது.

“ஆஸ்பத்திரி பேடா, தர்மா. கத்தி பட்டா ஹாவு கண்ணுக்கு ஏறிடும்” என்றார் சாமி.

பேடா என்றால் வேண்டாம், ஹாவு என்றால் பாம்பு. பாம்பு மகளின் கண்ணுக்கு ஏறுவதைத் தர்மனால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. வண்டி கொட்டகையிலேயே நின்றது. அவன் கெட்டவன் இல்லை, மகளுக்காக உயிரை விடக்கூடியவன்தான். யோசிப்பதை மட்டும் சாமியிடம் ஒப்படைத்திருந்தான்.

அந்த வாரம் அம்மை குத்துகிற சர்க்கார் ஆள் ராஜாமணி சைக்கிளில் வந்தார். கண்ணம்மாளின் முழங்காலைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. உள்ளே சீழ் கட்டிவிட்டது, இப்படியே விட்டால் மூட்டு இறுகிப்போய் ஆயுசுக்கும் கால் மடங்காது என்றார். புழு எங்கிருந்து வருகிறது என்று தீர்த்தம்மாள் கேட்டாள். அவர் வாசலை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். பக்கத்து ஊரில் இதைச் சத்தமாகச் சொன்னதற்குச் சாமியின் பக்தர்கள் அவர் சைக்கிள் டயரைக் குத்திவிட்டிருந்தார்கள்.

“புண்ணுக்காலைத் தண்ணியில வெச்சா புழு அங்கயே குஞ்சு பொரிச்சு வுட்டுடுதும்மா. அந்தக் குஞ்சைத் தண்ணியில இருக்கிற சின்னச் சின்னப் பூச்சி தின்னும். அந்தப் பூச்சியை நாம குடிச்சா, அடுத்த கோடைக்கு நம்ம கால்ல வந்து எட்டிப் பார்க்கும்” என்றார். துணியில் வடித்தால் பூச்சி நின்றுவிடும், கிணற்றில் யாரும் கால் வைக்காவிட்டால் நோவே நின்றுவிடும் என்றும் சொல்லிவிட்டு, டயர் நன்றாக இருக்கும்போதே கிளம்பிப் போய்விட்டார்.

தீர்த்தம்மாள் கிணற்றுத் தண்ணீரை ஒரு கண்ணாடிப் புட்டியில் பிடித்து வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தாள். வெள்ளைப் புள்ளிகளாக என்னவோ துள்ளிக்கொண்டிருந்தன. வடித்த தண்ணீரில் ஒன்றுகூட இல்லை. இரண்டையும் புருஷனிடம் காட்டினாள். அவன் பார்த்தான். பார்த்துவிட்டு, தீர்த்தத்துக்கு உயிர் இருப்பதாகச் சாமி அப்போதே சொன்னாரே என்று கையெடுத்துக் கும்பிட்டான்.

இனி இவனிடம் பேசிப் பயனில்லை என்று அவள் முடிவு செய்தாள். அப்போதுதான் அவளுக்குச் சந்தகை ஞாபகம் வந்தது.

வீட்டில் எல்லாரும் கேழ்வரகுக் களி தின்னும் காலத்தில், செவ்வாய்க்கிழமை விடியலில் மட்டும் சாமிக்கு அரிசிச் சந்தகை வேண்டும். மாவை உருண்டை பிடித்து அவித்து அச்சில் போட்டுப் பிழிகிற சந்தகைதான், ஆனால் சாமிக்கு உப்பு கூடாது, தேங்காய் கூடாது, எண்ணெய் கூடாது. விரதமாம். இழை அறுபடாமல் நீளமாக இருக்க வேண்டும் என்றும் சொல்லியிருந்தார். விரதத்துக்கு நீளம் எதற்கு? இத்தனை நாள் பிழிந்தும் இதைக் கேட்காமல் விட்டோமே என்று தீர்த்தம்மாளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. துணிக்குக் குறி போடுகிற சேங்கொட்டையின் பாலை எடுத்துத் தன் கணுக்காலில் வைத்துக்கொண்டாள். தோல் வெந்து அருமையான கொப்புளம் ஒன்று எழும்பியது. தர்மன் அதைப் பார்த்து வருத்தப்பட்டான், உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமும் பட்டான். நம்பாதவர்களை நாகம் விடாது என்று சாமி சொன்னது பலித்துவிட்டதல்லவா. செவ்வாய் விடியலில் தீர்த்தம்மாள் அரிசி மாவில் உப்பைத் தாராளமாகப் போட்டாள். பெருங்காயத்தைக் கரைத்து ஊற்றினாள். நீளமாகப் பிழிந்து மூடிச் சாமிக்கு அனுப்பிவிட்டு, மிச்சத்தில் ஒரு பிடியைப் புருஷனுக்கும் வைத்தாள். மாதக்கணக்கில் அரிசியைக் காணாதவன் தட்டைக்கூட வழித்துத் தின்றான்.

சாமிக்கு உப்பு கரித்திருக்கும், பெருங்காயம் மூக்கில் ஏறியிருக்கும். ஆனால் வெளியே அத்தனை ஜனம் காத்திருக்கும்போது யாரைக் கூப்பிட்டு என்ன சொல்வது? புழுவில் உப்பு கூடிவிட்டது என்றா?

தீர்த்தம்மாள் படியில் போய் உட்கார்ந்தாள். தீர்த்தத்தை அள்ளி வாய்க்குப் பதில் மோவாயில் விட்டுக்கொண்டாள். சாமி குழலை வைத்து உறிஞ்சினார். கன்னம் உப்பியது, கண் சொருகியது, இலையில் சாண் நீளப் புழு விழுந்தது. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. சாமி இலையைத் தூக்குவதற்குள் தீர்த்தம்மாள் அதை எடுத்துக்கொண்டாள்.

“சாமி, இது என் கால்ல இருந்து வந்ததுங்களா?”

“எல்லாரும் பார்த்தாங்கல்ல, தாயி. குடு, ஓமத்துல போடணும்.”

“இருங்க” என்று சொல்லி, புழுவைப் பாதி கடித்து, நிதானமாக மென்று விழுங்கினாள்.

கூட்டத்தில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு ஓரமாக ஓடினாள். சாமி வாயைப் பிளந்தார். அந்த வாய்க்குள், கடைவாய் ஓரத்தில், அடுத்த நோயாளியின் புழு தயாராக உட்கார்ந்திருந்ததை முன்வரிசை முழுவதும் பார்த்தது.

“உப்பு கொஞ்சம் தூக்கல். பெருங்காயம் சரியா இருக்குது” என்றாள் தீர்த்தம்மாள். மீதிப் பாதியைப் புருஷனிடம் நீட்டினாள். “இந்தாங்க. காலையில தின்னீங்களே, அதுதானான்னு நீங்களே சொல்லுங்க.”

தர்மன் வாங்கிக்கொண்டான். அவன் சாமியைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான், கடைசியில் வாயில் போட்டுக்கொண்டான். கண்ணில் நீர் வந்துவிட்டது.

“நம்ம வூட்டுச் சந்தகைதான்” என்றான்.

பச்சியப்பன் என்ற பெரியவருக்கு மட்டும் மனசு வரவில்லை. சாமியின் முதல் பக்தர் அவர். ஒருவேளை தீர்த்தம்மாள் காலையில் தின்ற சந்தகையே காலுக்கு இறங்கி வந்திருக்கலாமே என்று சந்தேகம் கிளப்பினார். தீர்த்தம்மாள் கணுக்காலைக் காட்டி, இது சேங்கொட்டைப் புண், வேண்டுமானால் உங்கள் காலிலும் ஒன்று போட்டுத் தருகிறேன், சாமி அதிலிருந்தும் எடுப்பார் என்றாள். பெரியவர் காலை உள்ளே இழுத்துக்கொண்டார்.

அவள் அதோடு விடவில்லை. ஒரு சொம்பில் தீர்த்தத்தை மொண்டு சாமி முன்னால் வைத்தாள்.

“ஊரே குடிக்குது. எம் பொண்ணும் குடிச்சா. நீங்க ஒரு வாய் குடிங்க.”

விரதம் என்றார் சாமி. அப்படியானால் சாமி எந்தத் தண்ணீரைக் குடிக்கிறார் என்று பார்க்கத் தர்மன் குடிசைக்குள் போய்ச் சாமியின் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தான். குடத்து வாயில் வெள்ளைத் துணி இரண்டாக மடித்துக் கட்டியிருந்தது, தீர்த்தம்மாள் கட்டுகிற அதே மாதிரி. ஆக, சாமிக்கு எல்லாம் தெரிந்தே இருந்தது. தண்ணீரில்தான் நோவு என்று தெரிந்துகொண்டே, இந்த வருஷம் குடிக்க வைத்து அடுத்த வருஷத்துக்கு நோயாளி பயிர் செய்துகொண்டிருந்தார். தீர்த்தம்மாளால் அதைத்தான் பொறுக்க முடியவில்லை. சந்தகையை மன்னித்துவிடலாம், இதை எப்படி மன்னிப்பது? சொம்பை எடுத்து அவர் முகத்தில் வீசினாள். சாமி ஒரு சொட்டுகூட உள்ளே போகாமல் வாயை இறுக மூடிக்கொண்டே கூட்டத்தைப் பிளந்து ஓடினார். ஓசூர் போய்ச் சேரும்வரை அந்த வாயைத் திறந்திருக்க மாட்டார்.

அவர் ஓடியதைத் தர்மன் பார்க்கவில்லை, வண்டியில் மாட்டைப் பூட்டிக்கொண்டிருந்தான். தர்மபுரி ஆஸ்பத்திரியில் முழங்காலைக் கீறிச் சீழை எடுத்தார்கள். மிச்சப் புழுவைக் குச்சியில் சுற்றி, நாளுக்குக் கொஞ்சமாக, கட்டு மாற்றி மாற்றி வெளியே எடுத்தார்கள். பாம்பு யார் கண்ணுக்கும் ஏறவில்லை. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் மூட்டு போயிருக்கும் என்று டாக்டர் சொன்னபோது தர்மன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான். பயிருக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற காலம் வந்தபோது கண்ணம்மாள் நடந்தாள். மெதுவாக, ஆனால் காலை மடக்கி நடந்தாள்.

ஊர் கூடிப் படிகளைக் கல் வைத்து அடைத்துச் சுற்றுச்சுவர் எழுப்பி ராட்டினம் மாட்டியது. அன்றைக்கே தீர்த்தம்மாள் ஒன்று சொல்லி வைத்தாள். வருகிற கோடையிலும் நோவு வரும், ஏற்கெனவே குடித்தவர்களை அது விடாது. புண் வந்தவர்கள் எந்தத் தண்ணீரிலும் கால் வைக்காமல் இருந்தால் அதற்கடுத்த கோடையில் வராது. சொன்னபடியே அடுத்த கோடையில் வந்தது. சாமியின் சாபம் என்று பச்சியப்பன் ஆரம்பித்தார். பொறுங்கள், இன்னொரு கோடை பாருங்கள் என்றாள் அவள்.

அந்தக் கோடையும் வந்து போயிற்று. புங்கமரத்துக்கொட்டாயில் ஒரு காலிலும் புழு எட்டிப் பார்க்கவில்லை.

மறுவாரம் தண்ணீர் சேந்தப் போன தீர்த்தம்மாள் அப்படியே நின்றுவிட்டாள். ராட்டினத்துக்கு மஞ்சள் பூசி, குங்குமப் பொட்டு வைத்து, பூ சுற்றியிருந்தது. கீழே வெற்றிலை பாக்கு. பச்சியப்பன் கற்பூரத்தை ஏற்றிக்கொண்டிருந்தார், பின்னால் பத்துப் பன்னிரண்டு பேர் கண்ணை மூடிக்கொண்டு நின்றார்கள்.

அவள் கற்பூரத்தை ஊதி அணைத்தாள். பூவை எடுத்து மாட்டுக்குப் போட்டாள். முந்தானையால் பொட்டைத் துடைத்தாள்.

“ராட்டினம் கிறீச்சுனு கத்துது, அதுக்கு ஒரு சொட்டு எண்ணெய் வுடுங்க. நெத்தியில பொட்டு வெக்கிறது இருக்கட்டும், நெத்திக்கு உள்ள இருக்கிறதுக்கும் அப்பப்போ கொஞ்சம் வேலை குடுங்க.”