சும்மா அண்ணன் அனுப்பிய ஆமென்

பாறசாலை வட்டாரத்தில் எந்தப் படிவத்தின் கட்டத்தையும் ஒழுங்காக நிரப்பாத ஒரே மனிதர் எங்கள் சும்மா அண்ணன்தான். மென்பொருளைச் சோதிப்பது அவர் தொழில், வீட்டிலிருந்தே வேலை. வயது கேட்டால் மைனஸ் ஐந்து போடுவார். பெயர் கேட்டால் ஒரு புள்ளி வைப்பார். ஏன் என்று கேட்டால், "சும்மா போட்டுப் பாத்தேன் மக்கா. அது ஏத்துக்கிட்டா உள்ள ஓட்டை உண்டு" என்பார்.

கல்யாண இணையதளத்திலும் உயரம் முந்நூறு அடி என்று போட்டார். அது மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது. குன்னத்துகாலிலிருந்து ஒரு பெண்ணின் அப்பா போன் செய்து, "எங்க வீட்டு வாசல் மாப்பிளைக்குக் காணாது கேட்டியளா" என்று சொல்லி வைத்துவிட்டார்.

இந்த நிலையில் எங்கள் சபையில் ஜெப விண்ணப்பத்துக்கு ஒரு ஆப் வந்தது. அனுப்புவது போதகருக்கு மட்டும்தான் தெரியும், நடுவில் எல்லாம் பூட்டு என்றார்கள். குடி, நோய், பிள்ளையில்லாத துக்கம் என்று ஊரே அதில் மனதைக் கொட்டியது. அண்ணன் "ஆமென்" என்ற ஒரே சொல்லை அனுப்பி, அதன் நீளம் ஐந்நூறு எழுத்து என்று சும்மா பொய் சொல்லி வைத்தார். பூட்டுகிற மென்பொருள் எண்ணிப் பார்க்கவில்லை. வந்ததை அப்படியே திருப்பி அனுப்பி வந்து சேர்ந்ததைக் காட்டுவது அதன் வழக்கம்; அதனால் தன் நினைவிலிருந்து அள்ளி ஐந்நூறு எழுத்தைத் திருப்பி அனுப்பியது. ஆமெனுக்குப் பின்னால் வந்ததெல்லாம் பிறருடைய கண்ணீர்.

அண்ணன் இரண்டாவது வரியிலேயே போனைக் கவிழ்த்துவிட்டு நானும் இருக்கிற சபைக் கமிட்டிக்கு ஓடி வந்தார்.

"தெளிவு, ஆதாரம் எங்கடே? காட்டு" என்றார் செயலாளர்.

"காட்ட மாட்டேன். அது மத்தவங்க ஜெபமாக்கும்."

"அப்போ ஆப்பை நிறுத்தவும் மாட்டோம்."

அண்ணன் கொஞ்ச நேரம் நகத்தைக் கடித்தார். பிறகு யாருக்கும் இலவசமாகக் கிடைக்கிற அதே பூட்டு மென்பொருளைத் தன் லேப்டாப்பில் தனியாக ஏற்றி, தன் ஜெபம் ஒன்றை மட்டும் உள்ளே பூட்டினார். செயலாளரின் போனிலிருந்து அந்த லேப்டாப்புக்கு அதே பொய்யோடு ஓர் ஆமெனை அனுப்பினார். வந்த பதிலைச் செயலாளர் உரக்கப் படித்தார்.

"ஆமென்... ஆண்டவரே, முந்நூறு அடின்னு போட்டது சும்மா இல்ல, பயந்தாக்கும். உள்ள உயரத்தைச் சொல்லி ஒருத்தி வேண்டாம்னு சொன்னா நான் தாங்க மாட்டேன்."

யாரும் சிரிக்கவில்லை. அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது எனக்கு. ஆப்பை அப்போதே நிறுத்தினோம்.

ஓட்டையை அடைத்து ஆப் திரும்பி வந்த மறுவாரம், போதகர் ஆராதனை முடிவில் சொன்னார்: "யாரு என்ன கேட்டியன்னு சொல்ல மாட்டேன். ஆனா கமிட்டிக்காரங்க எல்லாரும் ஒரே ஆளுக்காக்கும் கேட்டிருக்கிய."

அதில் ஒன்று என்னுடையது.