பிறந்த இடம்: தண்ணீர்

பிறந்த மண்ணுக்கு அன்று மண்டபம் ஊரில் விலை எட்டணா. மனுவில் ஒட்டுகிற ஸ்டாம்பு அவ்வளவுதான். லீமாரோஸிடம் எட்டணா இருந்தது. மண்தான் இல்லை.

"பொறந்த ஊர் எது தாயி?" என்றார் புது ஐஸ் பாக்டரியின் குமாஸ்தா கூத்தையா.

"வள்ளத்துல பொறந்தேன் சார். பாம்பன்ல இருந்து ஆத்தாள இங்கன மருத்துவச்சிகிட்ட கூட்டியாந்தாக. கரை தட்டுமுன்ன நான் வந்துட்டேன்."

பாக்டரி வேலை உள்ளூரில் பிறந்தவர்களுக்கு மட்டும் என்று உத்தரவு. கடற்கரைச் சனம் பிழைக்கட்டும் என்றுதான் போட்டார்கள். ஐந்து மணிக்குப் பதிவு முடியும். அவள் புருஷன் கால் ஒடிந்து கிடக்கிறான். இந்தச் சம்பளம்தான் வீட்டில் நாலு பேருக்குக் கஞ்சி.

கமுதிக்காரரான கூத்தையாவுக்கு மனசு இளகிவிட்டது. "பாம்பன்னு போட்டுருவோம்" என்று எழுதி உள்ளே கொடுத்தார். மேனேஜர் திருப்பிக் கொடுத்தார். தீவு வேறாம், மண்டபம் வேறாம்.

"ஞானஸ்நானச் சீட்டு இருக்கா தாயி?"

இருந்தது. அதில் சாமியார் அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார்: 'நடுக்கடலில் பிறந்தவள்.'

சீட்டை உள்ளே கொண்டுபோய்க் காட்டியதும் மேனேஜர் துள்ளினார். "நடுக்கடல்னா நம்ம பக்கமா, சிலோன் பக்கமா? பாஸ்போர்ட் கேளுங்கய்யா!"

கூத்தையா தலையில் கை வைத்துக்கொண்டார். "உதவி பண்றேன்னு உன்ன நாட்ட விட்டே தள்ளிட்டேனே தாயி!"

"வருத்தப்படாதீக" என்று அவரைத் தேற்றினாள் லீமாரோஸ். "வலை போட்ட எடத்த மறுநா எப்பிடிக் கண்டுபிடிக்கோம்? கரையில ரெண்டு நேர் பாத்துத்தான். மாதா கோயில் கொடிமரமும் ஸ்டேஷன் தண்ணித்தொட்டியும் ஒரு நேர். பள்ளிவாசல் மினாராவும் சத்திரத்து மாடியும் ஒரு நேர். ரெண்டும் கூடுற எடத்துல நான் பொறந்தேன்னு எங்கய்யா சொல்லியிருக்காரு."

சர்வே இலாகாவே எழுந்து நின்று கும்பிட வேண்டிய பேச்சு! அசந்துபோன கூத்தையா அவளையும் அழைத்துக்கொண்டு உள்ளே போய், மேனேஜர் மேசையில் மேப்பை விரித்து, ஸ்கேல் வைத்து இரண்டு கோடு இழுத்தார்.

கோடுகள் கூடிய இடம் நீல நிறமாக இருந்தது.

"கடலேதான். மனு தள்ளுபடி!" என்று மேனேஜர் பேனாவைத் திறந்தார்.

டீ கொண்டுவந்த பியூன் ஹாஜா முகைதீன் மேப்பை எட்டிப் பார்த்தார்.

"இது பழைய மேப்புல்ல சார்? அந்தக் கடலத் தூர்த்துத்தானே இந்த ஆபீசக் கட்டுனாக! கோடு ரெண்டும் கூடுறது உங்க நாற்காலிக்கு அடியில. கணக்குப் பாத்தா, இங்கன உள்ளூர்க்காரி ஒருத்தி. வெளியூர்க்காரவுக இந்த ஆபீசுல வேல பாக்குற நாம ஒம்பது பேரு!"