ஆளில்லாத் தீவில் அரை நாள்

பெண் பார்க்கப் போன இடத்தில் நானும் ஒரு பொய் சொன்னேன். “தம்பிக்குப் பொழுதுபோக்கு என்ன?” என்று பெண்ணின் தகப்பனார் கேட்டார். நித்திரை என்று உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாய் முந்திக்கொண்டது. “பாய்த்தோணி ஓட்டுவன்.” (படிக்கிற காலத்தில் ஒரே ஒரு தடவை ஏறினேன். ஏறி, வாந்தி எடுத்து, இறங்கினேன். அவ்வளவுதான்.)

பதினான்கு வருடம் அந்தப் பொய் யாருக்கும் தொந்தரவில்லாமல் கிடந்தது. போன மாசி மாதம், கல்லடியில் எங்கள் பக்கத்து வளவுச் சிவலிங்கண்ணன் தன் பழைய தோணிக்கு நீலத் தறப்பாளில் ஒரு பாய் கட்டினார். அதை என் மூத்த மகள் தாரணி கண்டுவிட்டாள்.

“அப்பா, நீங்க ஓட்டுவீங்கதானே? அம்மா சொன்னவ.”

பன்னிரண்டு வயது மகள் அப்படிக் கண்ணை விரித்துக்கொண்டு கேட்டால் எந்தத் தகப்பன் இல்லையென்பான்? தோணியை இரவல் வாங்கினேன். வாவியில் மூன்று தீவு பார்ப்பது, மூன்றாவதில் சோறு தின்பது, பின்னேரம் வீடு திரும்புவது. இதுதான் திட்டம்.

“சேர், வாடை அடிக்குது,” என்றார் சிவலிங்கண்ணன். “தெற்க போறது லேசு. மறுகா கிறுகி வாறதுதான் பாடு.”

“தெரியும் அண்ணன்,” என்றேன். எனக்கு ஒன்றும் தெரியாது. போதாததற்கு, “இயற்கையோட இருப்பம்” என்று மனைவி சுமதியின் போனை வீட்டிலேயே வைக்கச் சொன்னேன்; அவசரத்துக்கு என்னுடையது ஒன்று போதும் என்று நினைப்பு. அவள் சின்னவள் யாழினியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஏறினாள்.

முதல் தீவு நீர்க்காகங்களுடையது. அவை பல வருடமாகக் கழித்து வைத்திருந்ததன் நாற்றத்தில் இரண்டே நிமிடத்தில் ஓடி வந்தோம். இரண்டாவது தீவைக் கடந்து போனோம். தோணியை நிற்பாட்ட எனக்குத் தெரியவில்லை.

“அப்பா, இதில இறங்கலியா?”

“வரக்குள்ள இறங்குவம்.”

மூன்றாவதை நாங்கள் தேடிப் போகவில்லை. வெகுநேரம் கழித்து அதுவே வந்து தோணியில் மோதியது. கண்டல் மரங்கள், சின்ன மணல்திட்டு, பின்னால் அடர்ந்த பத்தைக்காடு. குதித்து இறங்கியபோது சட்டைப் பையிலிருந்த என் போன் தண்ணீருக்குள் போனது. நாங்கள் கட்டுச்சோற்றை அவிழ்த்துத் தின்று முடிப்பதற்குள், நான் கட்ட மறந்த தோணியும் வாடையோடு போய்விட்டது.

நான் தலைவனானேன். கையிருப்பு: அரைப் போத்தல் தண்ணீர், ஏழு பிஸ்கட். சுமதியின் செம்மஞ்சள் சால்வையைத் தடியில் கட்டி நட்டேன். மணலில் பெரிதாக ‘காப்பாத்துங்கள்’ என்று எழுதினேன். தாரணி வந்து எழுத்துப் பிழையைத் திருத்திவிட்டுப் போனாள். ஒரு தோணியும் வரவில்லை. வெயில் சாய்ந்தது.

“அம்மா, இனி நாங்க இஞ்சதான் இருக்கிறதா?” என்றாள் யாழினி.

அத்தோடு நான் உடைந்துபோனேன். சுமதியைத் தள்ளிக் கூட்டிப்போய், “எனக்குத் தோணி ஓட்டத் தெரியாது. அண்டைக்கு உங்கட அப்பாக்கிட்டச் சொன்னது பொய். புள்ளைகளையும் உன்னையும் கொண்டுவந்து...” என்று தொடங்கினேன்.

“தெரியும்,” என்றாள். “கலியாணத்தண்டே உங்கட அக்கா சொல்லிட்டா. வாந்தி எடுத்ததையும் சொன்னவ.”

“மறுகா ஏன் ஏறினாய்?”

“புள்ளைகளுக்கு முன்னால உங்கள விட்டுக்குடுக்க ஏலுமா?”

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணைத் துடைத்தேன். அந்த நேரம் பத்தைக்குள்ளிருந்து ஒரு பசுமாடு வந்தது. மாட்டுக்குப் பின்னால் சைக்கிள் மணிச் சத்தம். சைக்கிளுக்கு மேல் சாரம் கட்டிய ஒரு மனிதர்.

“ஆரு நீங்க? என்ன இஞ்ச?”

“தோணி போயிட்டு. தீவில அம்பிட்டுக்கிட்டம்.”

“எந்தத் தீவில?”

“இந்தத் தீவில.”

அவர் என்னைப் பார்த்தார். சால்வைக் கொடியைப் பார்த்தார். மணலிலிருந்ததை எழுத்துக்கூட்டி வாசித்தார். “இது குருக்கள்மடம். பத்தைக்கு அங்கால ஒழுங்கை. அஞ்சு நிமிசம் நடந்தா மெயின் ரோட்டு. பஸ் இருக்கு.”

நான் படிப்பிப்பது புவியியல் பாடம். நான்கு பக்கமும் நீர் சூழ்ந்தது தீவு என்று வருடா வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். அன்று மூன்று பக்கத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

தோணி அடுத்த வளைவில் கண்டலுக்குள் செருகிக் கிடந்தது. அதைக் கட்டிவைப்பதாக அவர் சொன்னார். நாங்கள் முழங்கால் வரை சேற்றோடு பஸ்ஸில் வீடு வந்தோம். சுமதி வழியெல்லாம் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பியிருந்தாள். கோபம் என்று நினைத்தேன். தோள் குலுங்கியதைப் பார்த்தபிறகுதான் சிரிக்கிறாள் என்று தெரிந்தது.

போன கிழமை எனக்குப் பல்வலி. “இனி நான் தப்பமாட்டன்” என்று கட்டிலில் புரண்டுகொண்டிருந்தேன். யாழினி வந்து என் நெற்றியைத் தடவிவிட்டு, மிகுந்த பரிவோடு சொன்னாள்:

“பயப்படாதீங்கப்பா. மெயின் ரோட்டுக்கு அஞ்சு நிமிசம்தான்.”