தட்டு விமானமும் கிடங்கு நிபுணர்களும்

முதுகில் பெரிய வட்டத் தட்டைச் சுமந்துகொண்டு பறந்து, எதிரி எல்லைக்கு வருமுன்பே எட்டிப் பார்த்துச் சொல்லுமே ராடார் விமானம், அதைப் பத்து வருஷம் வானத்தில் நிறுத்தி வைத்திருந்தவள் நான்தான். சரி, கொஞ்சம் ஊதிவிட்டேன். அதன் உதிரிபாகக் கிடங்கில் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். பேரப்பிள்ளைகள் மட்டும் இன்னும் முழுதாக நம்புகிறார்கள்.

எங்களை ஓர் இனம் என்றே சொல்லலாம். ‘கிடங்கு நிபுணர்’ என்று பெயர் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு திருகாணியைத் தொட்ட விரலால் முழு ஆகாயத்தையும் விளக்குவோம். பெசன்ட் நகர் கடற்கரையில் சுண்டல் தின்றுகொண்டிருக்கும்போது தலைக்கு மேல் ஏதாவது பறந்தால், அது கொழும்புக்கு ஆள் ஏற்றிப் போகும் சாதாரண விமானமாகவே இருந்தாலும், பொட்டலத்தை மடியில் வைத்து, கண்ணைச் சுருக்கி, “சத்தம் சரியில்லையே, இடது என்ஜின்ல ஏதோ மாத்தணும்” என்போம். “இதப் பத்தி நான் விரிவா பேசக் கூடாது, ரகசியம்” என்று ஆரம்பித்து ஒரு மணி நேரம் விரிவாகப் பேசுவோம். யார் கேட்டார்கள்? யாருமில்லை.

உதிரிபாகம் வந்து சேராவிட்டால் ஒரு விமானத்தை ஓரமாக நிறுத்தி, அதிலிருந்து கழற்றி மற்றதைப் பறக்கவிடுவது கிடங்கு வழக்கம். அதே வழக்கப்படி எங்கள் அபிராமபுரத்து வீட்டில் மூன்று மிக்ஸி. ஒன்றும் ஓடாது. சட்னி வேண்டுமென்றால் என் கணவர் ஹென்றி கிண்ணத்தோடு எதிர்வீட்டுக்குப் போகிறார்.

போன வாரம் மாடி வீட்டு ஷெரில் வந்தாள். மறுநாள் அவளுக்கு ஒரு விமான உதிரிபாக நிறுவனத்தில் நேர்முகத் தேர்வு. வெகுநாளாக வேலை தேடுகிறவள். இதுவும் கைநழுவினால் கோயம்புத்தூர் மாமா பார்த்து வைத்திருக்கும் மாப்பிள்ளைதான்.

“ஆன்ட்டி, ரப்பர் வளையம்லாம் கிடங்குல சும்மா கிடந்தாலே கெட்டுப் போயிடுமாமே. எப்படிக் கண்டுபுடிப்பீங்க?”

எனக்கு எங்கே தெரியும்? பெயரைத் தட்டச்சு செய்ததோடு சரி. ஆனால் இனம் சும்மா இருக்குமா?

“மோந்து பாரு. கெட்டுப்போன ரப்பர் ஊசிப்போன வடை மாதிரி நாறும். நாங்கல்லாம் மூக்காலதான் நாட்டக் காப்பாத்தினோம்.”

“ஃப்ளோரா, அந்தப் பொண்ணு பொழப்பு இது,” என்றார் ஹென்றி.

“நீங்க பள்ளிக்கூடத்துல சரித்திரம் நடத்தினவர். பேசாம இருங்க.”

ஷெரிலுக்கு வேலை கிடைத்துவிட்டது. நான் தயார் செய்த பெண் என்று தேனாம்பேட்டை வரைக்கும் சொல்லி முடித்துவிட்டேன்.

நீங்கள் சிரிக்காதீர்கள். மைத்துனர் மாநகராட்சியில் இருக்கிறார் என்பதற்காக, தி.நகர் மழைநீர் எந்த வழியாகக் கடலுக்குப் போகிறதென்று கல்யாணப் பந்தியில் இலையில் கோடு போட்டுக் காட்டினீர்களே, அது யார்? வாருங்கள், எங்கள் கிடங்கில் இடம் இருக்கிறது.

இதுவரை எழுதியதை உரக்கப் படித்துக் காட்டினேன். இனிப்போடு வந்து உட்கார்ந்திருந்த ஷெரில் நெளிந்தாள்.

“ஆன்ட்டி, தப்பா எடுத்துக்காதீங்க. அதே கேள்விதான் கேட்டாங்க. நான் மோந்து பாக்கறத சொல்லவே இல்ல. ‘தெரியாது சார், மேனுவலப் பாத்துட்டுதான் சொல்லுவேன்’னேன். எனக்கு முன்னாடி போனவங்க எல்லாருக்கும் எல்லாமே தெரிஞ்சிருந்துச்சாம்.”