ட்ரூ காப்பி அண்ணனின் பேஸ்பால் கையெழுத்துகள்

ஆஸ்திரேலியக் கண்டத்திலேயே ‘இன்னார் இன்னார்தான்’ என்று அதிக தடவை சட்டப்படி உறுதி செய்யப்பட்ட மனிதர் எங்கள் ட்ரூ காப்பி அண்ணன்தான். டிரைவிங் லைசென்ஸ், மெடிகேர் கார்டு, கேஸ் பில், பல் டாக்டர் கொடுத்த அப்பாயின்ட்மென்ட் சீட்டு எல்லாவற்றுக்கும் அத்தாட்சி பெற்ற நகல் வைத்திருந்தார். எந்த விண்ணப்பத்துக்கும் அவை தேவைப்பட்டதில்லை.

சிட்னியில், டூங்கபி ஸ்டேஷன் பக்கம் ஒரு வீட்டில் நான்கு பேர் வாடகைக்கு இருந்தோம். மூன்று பேர் தமிழ்நாட்டிலிருந்து வந்த கம்ப்யூட்டர் ஆசாமிகள். நான்காமவர் யாழ்ப்பாணத்து அண்ணன். ஐம்பது வயது, தனிக்கட்டை, காய்கறி கிடங்கில் வேலை.

இங்கே நகலில் அத்தாட்சி வாங்க, நம்மூர் மாதிரி கெஜட்டட் ஆபீசர் வாசலில் தவம் கிடக்க வேண்டாம். ஜே.பி. (ஜஸ்டிஸ் ஆஃப் தி பீஸ்) என்ற கௌரவ அதிகாரி ஒருவர் சனிக்கிழமைகளில் லைப்ரரியில் மேஜை போட்டு உட்கார்ந்திருப்பார். ஒரிஜினலையும் நகலையும் ஒப்பிட்டுப் பார்த்து, ‘ட்ரூ காப்பி’ என்று முத்திரை குத்திக் கையெழுத்துப் போடுவார். எங்கள் லைப்ரரிக்கு வந்த வெள்ளைக்காரப் பெரியவர் ஒரு காலத்தில் ஒரு பேஸ்பால் அணிக்கு ஜெனரல் மேனேஜராக இருந்தவர். அந்த அணி கலைந்து எத்தனையோ வருடமாகிறது. அதையெல்லாம் ஞாபகம் வைத்திருந்த ஒரே ஜீவன், அகதியாக வந்த புதிதில் அந்த மைதானத்தில் கூட்டிப் பெருக்கிய எங்கள் அண்ணன்தான்.

“ஏண்ணே, ஆட்டோகிராஃப்னா பிளேயர்கிட்ட வாங்குவாங்க. மேனேஜர்கிட்ட யாராவது வாங்குவாங்களா?” என்று கேட்டேன்.

“பந்தடிச்சவன்ர கையெழுத்து எல்லாரிட்டயும் கிடக்கு தம்பி. அவனைத் தெரிஞ்செடுத்தது ஆர்? கடைசியில கிடந்த டீமை கப் வரைக்கும் கொண்டு வந்தது அந்த மனுசன். நான் சனம் இருந்த கதிரை துடைக்கேக்க பார்த்துக்கொண்டு நிண்டனான்.”

“அப்ப நேரா போய்க் கேட்டு வாங்க வேண்டியதுதானே?”

“சும்மா போய் நிண்டா மனுசன் என்ன நினைக்கும்? ஒரு அலுவலோட போனாத்தான் மரியாதை.”

ஆகவே சனிக்கிழமைதோறும் அண்ணனுக்கு ஓர் அலுவல் இருந்தது. சொந்தக் காகிதங்கள் தீர்ந்ததும் ரைஸ் குக்கரின் வாரன்டி கார்டு போயிற்று. அதுவும் தீர்ந்ததும் எங்கள் பெட்டிகளில் கை வைத்தார். ஒரு சனிக்கிழமை என் டிகிரி சர்டிபிகேட்டைக் காணோம். நான் வீட்டைத் தலைகீழாகப் புரட்டிக்கொண்டிருந்தபோது அண்ணன் பிளாஸ்டிக் உறையோடு உள்ளே வந்தார்.

“உன்ர டிகிரிக்கு ரெண்டு கொப்பி எடுத்தனான். ஒண்டு உனக்கு. மற்றது என்ர அல்பத்துக்கு.”

அந்த ஆல்பத்தை அவர் காட்டாத ஆள் கிடையாது. பென்டில் ஹில்லிலிருந்து ஒரு அன்ரி, அண்ணனுக்கு ஒரு பெண் பார்த்திருப்பதாகச் சொல்லிக்கொண்டு வந்தார். தேநீரோடு ஆல்பமும் பரிமாறப்பட்டது. பக்கத்துக்குப் பக்கம் முத்திரையைப் பார்த்த அன்ரி, இந்த ஆள் மேல் எத்தனை கோர்ட் கேஸ் நடக்கிறதோ என்று பயந்து, தேநீரை வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார். அண்ணன் அசரவில்லை. அன்ரி ஆறாம் பக்கத்தோடு நிறுத்திவிட்டாரே என்றுதான் வருத்தப்பட்டார்.

பிறகு ஒரு நாள் பெரியவரின் மேஜையில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தது. அவர் குயின்ஸ்லாந்தில் மகளோடு இருக்கப் போகிறார், அடுத்த சனிக்கிழமைதான் கடைசி. அன்று அண்ணன் சாப்பிடவில்லை.

“என்னட்ட இருக்கிறது நாற்பதும் ஜே.பி.யின்ர கையெழுத்து தம்பி. மேனேஜரின்ர கையெழுத்து ஒண்டும் என்னட்ட இல்லை” என்றார்.

மறுநாளே ஒரு பேஸ்பால் பந்து வாங்கி வந்தார். வாரம் முழுக்கக் குசினியில் ஒத்திகை. நான் பெரியவர், அடுப்பு மேடைதான் மேஜை. என்னிடம் அண்ணன் பந்தை நீட்டி ஆங்கிலத்தில் வெளுத்து வாங்கினார்.

சனிக்கிழமை துணைக்கு நானும் போனேன். எங்கள் முறை வந்தது. “இன்றைக்கு என்ன கொண்டுவந்தீர்கள்?” என்று பெரியவர் கேட்டார். அண்ணன் பைக்குள் கையை விட்டார். வெளியே வந்தது தண்ணீர் பில்லும் அதன் நகலும். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. பெரியவர் ஒப்பிட்டார், குத்தினார், போட்டார். நாற்பத்தொன்று. அண்ணன் நன்றி சொல்லி எழுந்தேவிட்டார்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. அவர் பையிலிருந்து பந்தை எடுத்து மேஜைமேல் வைத்து, “இவர் உங்கள் மைதானத்தில் வேலை பார்த்தவர். உங்கள் கையெழுத்துக்காகத்தான் இத்தனை நாளாக வருகிறார்” என்று போட்டு உடைத்தேன். அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பெரியவர் பந்தை உருட்டிப் பார்த்தார். “என்னிடம் யாரும் பந்தை நீட்டியதே இல்லை” என்றார். பழக்கதோஷத்தில் கை முத்திரைக்குப் போய்த் திரும்பியது. பேனாவை எடுத்தார். அண்ணனையே பெயர் சொல்லச் சொல்லலாம் என்று நான் திரும்பினேன். அவர் அதற்குள் எழுத ஆரம்பித்திருந்தார்.

“இவர் பெயர் எனக்குத் தெரியாதா? வாராவாரம் படிக்கிறேனே” என்றார்.

அண்ணனின் பெயரும் அவர் அப்பாவின் பெயரும், இரண்டும் முழுசாக, பந்தைச் சுற்றி வளைந்து ஓடின. அடியில் கையெழுத்து. அதற்குக் கீழே ‘ஜெனரல் மேனேஜர்’.

மூன்று வருடம் ஒரே வீட்டில் இருந்த எனக்கு அந்தப் பெயர் அன்றுதான் தெரிந்தது. ஆல்பத்தை எத்தனையோ முறை புரட்டியும் கையெழுத்தைத்தான் பார்த்தேனே ஒழிய, மேலே இருந்த பெயரைப் படித்ததில்லை. வெட்கமாக இருந்தது.

ரயிலில் அண்ணன் பந்தைத் திருப்பித் திருப்பிப் படித்தார். “பார் தம்பி, அப்பான்ர பேரையும் எழுதியிருக்கு மனுசன்” என்றவருக்குக் கண் கலங்கிவிட்டது. நான் கையை நீட்டினேன். “கையைக் கழுவிப்போட்டு வந்து தொடு” என்றார்.

இப்போது நான் மெல்பர்னில், கிரான்பர்ன் பக்கம் இருக்கிறேன். வாரம் தவறாமல் அவருக்குப் போன் செய்கிறேன். எடுத்ததும், அப்பா பெயரோடு சேர்த்து முழுப் பெயரையும் சொல்லிக் கூப்பிடுவேன்.  எதிர்முனையில், “ஓம், சொல்லு” என்பார். அந்த ‘ஓம்’ காதில் விழாவிட்டால் அந்த வாரம் எனக்கு வாரமாகவே இருக்காது.